முனைவர் பட்ட ஆய்வில் காலத்தைத் தின்பவை: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வுக் கேள்வி கடினமானது என்பதால் முனைவர் பட்டம் இழுத்துக்கொண்டு போவது ஒரு வகை. அனுமதிக் கடிதம் வரவில்லை, மூலத் தரவு எந்த வட்டில் இருக்கிறதென்று தெரியவில்லை, கட்டுரைக் கட்டணத்துக்குப் பணமில்லை என்று இழுப்பது இன்னொரு வகை. முதல் வகைக்கு இங்கே மருந்தில்லை. இரண்டாவதைப் பெருமளவு தவிர்த்துவிடலாம். மெதுவாக நகரும் வேலைகளை முதலில் தொடங்கிவிட்டு, வேகமாக முடியும் வேலைகளைப் பிறகு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் நிற்பவர், களத்துக்குப் போகிறவர், கணினி முன் உட்கார்ந்திருப்பவர் என மூவருக்கும் பொதுவாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தாத பத்தியைத் தாண்டிப் போங்கள்.

1. முதல் வாரம்: விதிமுறை ஏட்டைப் படியுங்கள்

சேர்ந்த அன்றே நெறியாளர் படிக்கச் சொல்லி ஒரு கட்டுக் கட்டுரைகளைத் தருவார். அவற்றைத் திறக்கும் முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட விதிமுறைகளைப் பதிவிறக்கி, வெளியான தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் நீங்கள் சேர்ந்தபோது நடப்பிலிருந்த விதிதான் உங்களுக்குப் பொருந்தும். பின்னால் இணையதளத்தில் புதியது ஏறும், பழையது காணாமல் போகும். எந்த விதி உங்களுக்குரியது என்று நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் வந்து நிற்கும்.

அதிலிருந்து ஒரே தாளில் எடுத்து எழுத வேண்டியவை: குறைந்தபட்ச, அதிகபட்ச ஆய்வுக் காலம்; பாடநெறித் தேர்வுகளை முடிக்க வேண்டிய கெடு; ஆண்டு மதிப்பாய்வு நடக்கும் மாதம்; கால நீட்டிப்புக்கு எத்தனை மாதம் முன்பு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு; ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டுமா, ஏற்கப்பட்டால் போதுமா; மாநாட்டுக் கட்டுரை கணக்கில் சேருமா. கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைதான் முதன்மை. ஆனால் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவாக எழுதிய விதி சில சமயம் ஆய்விதழை மட்டுமே ஏற்கும். இதை நான்காம் ஆண்டில் கண்டுபிடிப்பது கொடுமை.

உதவித்தொகைக் காலமும் பதிவுக் காலமும் ஒன்றல்ல. பணம் நின்ற பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருக்கும், அதற்குக் கட்டணமும் இருக்கும். உங்கள் உண்மையான கெடு உதவித்தொகை நிற்கும் மாதம்தான். நாட்காட்டியில் அதைக் குறியுங்கள்.

நெறியாளருடன் ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும் "இன்று முடிவானவை" என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பும் பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள். இது சண்டைக்குச் சான்று சேர்க்கும் வேலையல்ல. ஆறு மாதம் கழித்து இருவருக்கும் வெவ்வேறு விதமாக ஞாபகம் இருக்கும் என்பதற்காக.

2. முதல் மாதம்: அனுமதிகள்

எல்லாவற்றையும்விட மெதுவாக நகர்வது இதுதான். மனிதர்களிடமிருந்து எதைச் சேகரித்தாலும், அது இரத்தமாக இருக்கட்டும், கேள்வித்தாளாக இருக்கட்டும், கைபேசியின் இருப்பிடத் தரவாக இருக்கட்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விலங்குகளுக்குத் தனிக் குழு. மரபணு மாற்றிய உயிரிகளுக்கு உயிரிப் பாதுகாப்புக் குழு. இந்தக் குழுக்கள் தினமும் கூடுவதில்லை. மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ கூடும். ஒரு கூட்டத்தில் "திருத்தி அனுப்புக" என்று வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அதனால் படிவம் கொடுத்த நாளிலிருந்து மூன்று முதல் ஆறு மாதம் என்று திட்டமிடுவதுதான் புத்திசாலித்தனம்.

திருப்பி அனுப்பப்படுவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. பங்கேற்பாளருக்குத் தரும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இல்லாதது. மாதிரி எண்ணிக்கை ஏன் இவ்வளவு என்பதற்குக் கணக்கு காட்டாதது. தரவை எங்கே, எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், யாருடன் பகிர்வீர்கள் என்று சொல்லாதது. கடைசியானது ரொம்ப முக்கியம். பெயர் நீக்கிய தரவைப் பொதுவில் வெளியிடுவோம் என்று ஒப்புதல் படிவத்தில் இல்லையென்றால், பிற்பாடு ஆய்விதழ் தரவைக் கேட்கும்போது கொடுக்க வழியிருக்காது.

ஒப்புதல் பின்தேதியிட்டுக் கிடைக்காது. முதலில் சேகரித்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆய்விதழ்கள் ஒப்புதல் எண்ணையும் தேதியையும் கேட்கும், தேதி பொருந்தாத தரவைக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்லும். மருத்துவச் சோதனை என்றால் முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது.

இன்னொரு ஆய்வகத்திலிருந்து பிளாஸ்மிட் (வட்ட வடிவ டிஎன்ஏ), செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்), விதை எது வாங்கினாலும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போட வேண்டும். இதில் நீங்கள் கையெழுத்திட முடியாது, நிறுவனத்தின் சட்டப் பிரிவுதான் இடும். இரண்டு சட்டப் பிரிவுகள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதத் தொடங்கினால் மாதங்கள் போவது தெரியாது. உயிரின மாதிரி நாட்டெல்லை தாண்டுகிறது என்றால், 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறையின் (மரபு வளங்களைப் பெறுவது பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) கீழ் மூல நாட்டின் அனுமதியும் தேவையா என்று பாருங்கள். கணிமை ஆய்வாளர்களுக்கும் விலக்கில்லை. மருத்துவப் படிமத் தொகுப்புகள், மனித மரபணுத் தரவு போன்றவை தரவு அணுகல் ஒப்பந்தத்துடன்தான் கிடைக்கும்.

3. குறிப்பேடும் கோப்புகளும்

காகிதக் குறிப்பேடு என்றால் தைத்துக் கட்டிய, பக்க எண் இட்ட நோட்டு. அழியாத மையில் எழுதி, தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதி போடுங்கள். மின்னணுக் குறிப்பேடு என்றால் நிறுவனம் ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும். தோற்ற சோதனையும் எழுதப்பட வேண்டும். எதிர்மறை முடிவுகளை எழுதாதவர்கள் அதே சோதனையை இரண்டாண்டு கழித்துத் திரும்பச் செய்வார்கள்.

வேதிப்பொருளின் தொகுதி எண், எதிர்ப்பொருளின் லாட் எண், கருவியின் அளவுத்திருத்தத் தேதி மூன்றும் ஒவ்வொரு பதிவிலும் வேண்டும். ஒருநாள் திடீரென்று முடிவு மாறும்போது நீங்கள் தேடப்போவது இவற்றைத்தான். உறைபெட்டிக் குப்பிகளில் சாதாரண மார்க்கர் மை எத்தனால் பட்டால் போய்விடும். குளிரையும் கரைப்பானையும் தாங்கும் ஒட்டுத்தாள் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் பெயரில்லாத குப்பிகளை மொத்தமாகக் கொட்டுவதைவிட மலிவு.

கோப்புப் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள், பட்டியல் தானாகவே காலவரிசைப்படி அடுக்கப்படும். மூலத் தரவுக் கோப்புறையைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, திருத்தங்களை எல்லாம் நிரல் வழியாகச் செய்து வேறு கோப்புறையில் எழுதுங்கள். எக்செலில் கையால் ஒரு கட்டத்தைத் திருத்தினால் அதற்குத் தடயமே இருக்காது. எக்செலுக்கு வேறு பழக்கங்களும் உண்டு. செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றி உட்காரவைத்துவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் மனித மரபணுப் பெயரிடும் குழு 2020-இல் அவற்றின் பெயரையே மாற்றியது. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் நிற்காது, மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். அதே 2020-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுப் பதிவுகள் கணக்கில் சேராமல் போனது இப்படித்தான்.

காப்புப் பிரதிக்குப் பழைய விதியே போதும்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். ஒத்திசைவு மேகச் சேமிப்பை மட்டும் காப்புப் பிரதி என்று நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

4. கணினியில் சிக்கும் இடங்கள்

நிரலை முதல் நாளிலிருந்தே கிட்டில் (மாற்றங்களை எல்லாம் வரலாறாகச் சேமிக்கும் மென்பொருள்) வையுங்கள். கிட் நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, அதனால் தரவை அங்கே போடாதீர்கள். கடவுச்சொல்லையோ நோயாளி விவரத்தையோ தவறி ஏற்றிவிட்டால், அடுத்த பதிவில் அழிப்பது போதாது. வரலாற்றில் அப்படியே கிடக்கும். கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள், வரலாற்றையும் மாற்றி எழுதுங்கள்.

பயன்படுத்திய நூலகங்களின் பதிப்பு எண்களைக் கோப்பாகப் பூட்டி வையுங்கள். தற்போக்கு விதை எண்ணை (கணினி தற்போக்கு எண்களை உருவாக்கத் தொடங்கும் எண்) நிலைநிறுத்தினால் அதே முடிவு வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். மிதவைப்புள்ளிக் கூட்டலில் (கணினி தசம எண்களைக் கூட்டும் முறை) வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறும். ஜிபியுவில் (வரைகலைச் செயலி) அந்த வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். ஒரே விதையின் முடிவைக் காட்டுவதைவிட, குறைந்தது ஐந்து விதைகளில் ஓட்டிச் சராசரியும் விலக்கமும் தருவது நேர்மையானது.

இயந்திரக் கற்றலில் ஆளைக் கவிழ்ப்பது தரவுக் கசிவு. முழுத் தரவையும் அதன் சராசரியைக் கொண்டு ஒரே அளவுக்கு இயல்பாக்கிவிட்டுப் பிறகு பயிற்சி, சோதனை என்று பிரித்தால் சோதனைத் தொகுதியின் சராசரி பயிற்சிக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கும். ஒரே நோயாளியின் பத்துப் படங்களில் ஏழு பயிற்சியிலும் மூன்று சோதனையிலும் விழுந்தால் நீங்கள் பயிற்றும் கணினி மாதிரி நோயை அல்ல, ஆளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். நோயாளிவாரியாகப் பிரியுங்கள். காலத்தொடர் என்றால் கடந்த காலத்தில் பயிற்றி, பிந்திய காலத்தில் சோதியுங்கள். முடிவு எதிர்பார்த்ததைவிட ரொம்ப நன்றாக வந்தால் மகிழ்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

கிளஸ்டருக்கு (பலர் பகிரும் கணினித் தொகுப்பு) நேரம் கேட்டு எழுதும்போது பெருக்கிக் காட்ட வேண்டும்: ஓர் ஓட்டத்துக்கு 64 கோர், 48 மணி நேரம், 20 ஓட்டங்கள் என்றால் 61,440 கோர்-மணி. தோற்கும் ஓட்டங்களுக்கென்று மேலே மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். கேட்ட கால வரம்பு தீர்ந்ததும் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருள் உங்கள் வேலையைக் கொன்றுவிடும், அதனால் இடைநிலைச் சேமிப்பு இல்லாத நிரலை ஓட்டாதீர்கள். ஸ்கிராட்ச் என்ற தற்காலிகக் கோப்புறைக்குப் பொதுவாகக் காப்புப் பிரதி கிடையாது, குறிப்பிட்ட நாட்கள் தொடாத கோப்புகளை நிர்வாகி அழிப்பார். நுழைவுக் கணுவில் (எல்லோரும் உள்நுழையும் கணினி) கனமான வேலையை ஓட்டினால் கணக்கையே முடக்குவதும் உண்டு.

மென்பொருள் உரிமத்தையும் பாருங்கள். வாஸ்ப், காசியன் போன்ற அணு, மூலக்கூறு கணக்கீட்டு மென்பொருள்கள் உரிமம் பெற்ற குழுவுக்கோ நிறுவனத்துக்கோ உரியவை, நண்பரின் கணக்கில் ஓட்டிய முடிவைக் கட்டுரையில் போட்டால் சிக்கல். குவாண்டம் எஸ்பிரெசோ, குரோமாக்ஸ் இரண்டும் கட்டற்றவை.

5. ஆய்வகத்தில் சிக்கும் இடங்கள்

செல் வரிசை கையில் வந்ததும் எஸ்டிஆர் சோதனையும் (செல் எதனுடையது என்று டிஎன்ஏ மூலம் உறுதிசெய்வது) மைக்கோபிளாஸ்மா சோதனையும் (பாக்டீரியத் தொற்று உண்டா என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். பக்கத்து ஆய்வகம் அன்பாகக் கொடுத்த குடுவையில் பெயர் ஒன்றாகவும் உள்ளே ஹீலா (பிற வளர்ப்புகளில் கலந்துவிடும் பழைய மனிதச் செல் வரிசை) செல்களாகவும் இருப்பது ஆய்வுலகில் பழகிப்போன அவலம்.

ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று மாதிரிகள் ஆகாது. அது ஒரே மாதிரியை மூன்று முறை அளந்தது. வேறு நாள், வேறு வளர்ப்பு, வேறு விலங்கு என்றால்தான் தனி மாதிரி. இந்தக் குழப்பத்தோடு போட்ட புள்ளியியல் சோதனை மதிப்பீட்டாளரின் முதல் கேள்வியிலேயே விழும். மாதிரி எண்ணிக்கையைச் சோதனைக்கு முன் கணக்கிடுங்கள். 80 சதவீதத் திறன் (உண்மையான விளைவு இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்பது வழக்கமான கீழ்வரம்பு.

புதிய கரிமச் சேர்மம் என்றால் புரோட்டான், கார்பன்-13 என்எம்ஆர் நிறமாலைகளும் உயர்பகுதிறன் நிறை நிறமாலைத் தரவும் தூய்மைச் சான்றும் கேட்பார்கள். முழு மாதிரியையும் அடுத்த வினையில் செலவழித்துவிட்டு எழுத உட்காராதீர்கள், சில மில்லிகிராம் ஒதுக்கி வையுங்கள். ஜெல், பிளாட் படங்களின் வெட்டப்படாத மூலப் படம் பத்திரமாக இருக்கட்டும். ஆய்விதழ் கேட்கும், சில சமயம் வெளியாகி ஆண்டுகள் கழித்தும் கேட்கும்.

6. கட்டுரை அனுப்பும் முன்: எண்கள்

ஆர்கிட் எண் (ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண்) வாங்குங்கள். 16 இலக்கம், இலவசம், சில நிமிட வேலை. தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்தும் தந்தை பெயரும் இடம் மாறி மாறி அச்சாகும்போது உங்கள் கட்டுரைகளை ஒரே ஆளோடு கட்டிவைப்பது இந்த எண்தான். பெயரை ஒரே வடிவில் எழுதுவது என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டில் உள்ள வடிவமே உத்தமம்.

படிக அமைப்பு கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்துக்கு, புரத அமைப்பு புரதத் தரவு வங்கிக்கு, டிஎன்ஏ வரிசைத் தரவு ஜென்பேங்க் போன்ற களஞ்சியத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து வரும் எண் இல்லாமல் பல ஆய்விதழ்கள் கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பாது. மற்ற தரவுக்கும் நிரலுக்கும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் செனோடோ களஞ்சியம் போதும். இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை, டிஓஐ எண்ணும் (மாறாத இணைய அடையாளம்) தரும். கிட்ஹப் இணைப்பைக் கட்டுரையில் போடுவதைவிட இது நிலையானது.

7. கட்டுரை: பணமும் காலமும்

ஆசிரியர் வரிசையைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன் பேசுங்கள். உயிரியலில் கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது, கணிதத்தில் அகரவரிசை. இரு துறை சேர்ந்த கட்டுரையில் இந்த இரண்டு வழக்கமும் மோதும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை சந்தா ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஆசிரியரிடம் எதுவும் வாங்குவதில்லை. திறந்த அணுகலுக்குச் சில நூறு டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர் வரை ஆகும். நேச்சர் 2021-இல் திறந்த அணுகலைத் தொடங்கியபோது கட்டணம் 9,500 யூரோ. மறுபுறம், இயந்திரக் கற்றலுக்கான ஜேஎம்எல்ஆர், இயற்பியலுக்கான சைபோஸ்ட் இரண்டிலும் ஆசிரியருக்கும் வாசகருக்கும் கட்டணமில்லை. நூலகத்திடம் முதலில் கேளுங்கள், பதிப்பகத்தோடு ஒப்பந்தம் இருந்தால் உங்களுக்குச் செலவே இருக்காது. கட்டண விலக்கு வேண்டுமென்றால் கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும். ஏற்ற பிறகு கேட்டால் பல பதிப்பகங்கள் மறுத்துவிடும்.

"ஒரே வாரத்தில் வெளியிடுவோம்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்கும் பணம் கேட்பார்கள். உண்மையான ஆய்விதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. அதனால் தேடுபொறி காட்டும் இணைப்பை விட்டு, ஸ்கோபஸ் போன்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள இணைப்பு வழியாகப் போங்கள். ஸ்கோபஸ் பட்டியலிலிருந்து ஓர் ஆய்விதழ் இடையில் நீக்கப்படலாம். அனுப்பும் நாளிலும் ஏற்கப்பட்ட நாளிலும் பட்டியல் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

முதல் முடிவு வரச் சில வாரம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். கணிதத்தில் ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. திருத்தம், மறுமதிப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு கட்டுரைக்கு ஓராண்டு ஒதுக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பக்கூடாது. மாநாட்டுக் கெடுவில் "உலகில் எங்கும்" என்று போட்டிருந்தால் அது உலக நேரத்துக்கு (யுடிசி) 12 மணி பின்தங்கிய நேரம். சுருக்கத்துக்கு ஒரு கெடு, முழுக் கட்டுரைக்கு வேறு கெடு. முதலாவதைத் தவறவிட்டால் இரண்டாவதற்கு வழியில்லை. ஏற்கப்பட்டால் ஆசிரியர்களில் ஒருவராவது பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், விசா வேண்டுமென்றால் அழைப்புக் கடிதத்தை அன்றே கேளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் முன்பதிப்பை (மதிப்பீட்டுக்கு முந்தைய கட்டுரை) ஆர்க்கைவ் தளத்தில் இடலாம், கட்டணமில்லை. புதியவர்களுக்கு ஏற்கெனவே அங்கே எழுதிய ஒருவரின் பரிந்துரை தேவைப்படும், அதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வெளியான பதிப்பு ஒருபோதும் அழியாது. திரும்பப் பெற்றாலும் பழைய பதிப்பு அங்கேயே இருக்கும். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) எடுக்கும் எண்ணம் இருந்தால் முன்பதிப்பு, சுவரொட்டி, பொது வாய்மொழித் தேர்வு எல்லாவற்றுக்கும் முன் விண்ணப்பித்தாக வேண்டும். அமெரிக்காவில் ஓராண்டுச் சலுகை உண்டு, ஐரோப்பாவில் பொதுவாகக் கிடையாது.

மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதும்போது ஒவ்வொரு கருத்தையும் முழுதாக நகலெடுத்து அதன் கீழ் பதிலும், மாற்றம் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்றும் எழுதுங்கள். ஏற்காத கருத்துக்கும் காரணம் சொல்லுங்கள், மழுப்பாதீர்கள்.

8. ஆய்வேடு

பிறர் கட்டுரைப் படங்களைப் பயன்படுத்தப் பதிப்பகத்தின் அனுமதி வேண்டும். ரைட்ஸ்லிங்க் என்ற இணைய அனுமதிச் சேவை வழியாகக் கேட்டால் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். கடிதத்தைப் படத்தின் எண்ணோடு சேமியுங்கள்.

ஒப்புமைச் சோதனையில் (பிற எழுத்துகளிலிருந்து நகலெடுத்ததா என்று பார்ப்பது) ஒரு பொறி இருக்கிறது. வரைவைச் சும்மா பார்க்கலாம் என்று டர்னிட்டின் என்ற ஒப்புமை மென்பொருளில் ஏற்றும்போது களஞ்சியத்தில் சேமிக்காதே என்ற தெரிவைக் கொடுக்காவிட்டால், இறுதிப் பிரதி அந்த வரைவோடு கிட்டத்தட்ட முழுக்கப் பொருந்திச் சிவப்பாக நிற்கும். உங்கள் சொந்தக் கட்டுரைகளும் ஒப்புமையில் தெரியும். அவற்றை விலக்க என்ன சான்றிதழ் வேண்டுமென்று நூலகத்தில் முன்பே கேளுங்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்த நாளுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இடையே பல மாதங்கள் ஓடலாம். வெளித் தேர்வாளர் அறிக்கை வந்தால்தான் நகரும். இந்தக் காலத்துக்கு வருமானம் எங்கிருந்து என்பதைக் கொடுக்கும் முன்பே யோசித்தாக வேண்டும்.

9. வெளியேறும் முன்

பட்டம் கிடைத்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சலும் கிளஸ்டர் கணக்கும் மூடப்படும். ஆர்கிட், செனோடோ, கிட்ஹப், ஆய்விதழ்க் கணக்குகள் எல்லாவற்றிலும் சொந்த மின்னஞ்சலை ஏற்றுங்கள். நிரலைக் கிட்ஹப்பில் நிறுவனக் கணக்கில் வைத்திருந்தால் பிரதி எடுங்கள். மூலத் தரவும் குறிப்பேடும் வழக்கமாக நிறுவனத்தின் சொத்து. எதை எடுத்துச் செல்லலாம் என்று நெறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உறைபெட்டியில் எந்த அடுக்கில், எந்தப் பெட்டியில், என்ன இருக்கிறது என்ற பட்டியலை அடுத்து வருபவர் கையில் கொடுத்துவிட்டு, மீதியை அவர் முன்னிலையிலேயே கழித்துக்கட்டுங்கள். நிலுவையின்மைச் சான்றிதழில் ஆய்வகப் பொறுப்பாளர் கையெழுத்துப் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்காகத்தான் காத்திருக்கும்.